பச்சை விளக்கும் 21 வாட் பல்பும்: ஆறு கோச்சுகளில் ஒரு தீயணைப்பு ரீகால் வேலை

கடிதம் வந்தபோது நான் ஒரு கியர்பாக்ஸுக்குக் கீழே படுத்திருந்தேன். உதவிக்கு இருக்கும் தம்பிதான் உறையைப் பிரித்துப் படித்தான். "அண்ணே, ரீகால். எஞ்சின் ரூம் தீயணைப்பு சிஸ்டமாம். நம்ம வண்டி நாலு இருக்கு இதுல."

எங்களிடம் இருப்பவை ஆறு கோச்சுகள், அதாவது பெரிய பேருந்துகள். எல்லாம் ஒரே வகை: பின்பக்கம் எஞ்சின், கீழே சாமான் அறை, மேலே ஐம்பது பேர். தயாரித்த நிறுவனம் அனுப்பிய பட்டியலில் நான்கின் சேஸிஸ் எண்கள் இருந்தன. ரீகால் என்றால் குறை தங்களுடையது என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டு, செலவில்லாமல் சரிசெய்து தருவது. பாகத்தை அவர்கள் அனுப்புவார்கள், வேலையை அவர்களுடைய டீலர் செய்வார், அல்லது அனுமதி பெற்ற பட்டறை செய்யலாம். எங்கள் பட்டறைக்கு அந்த அனுமதி உண்டு.

கையைத் துடைத்துக்கொண்டு நானே படித்தேன். குறை என்று எழுதியிருந்தது இவ்வளவுதான்: தீயணைப்பு சிலிண்டரின் தலையில் வால்வைத் திறக்க இருக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஒயரின் கனெக்டரில் தண்ணீர் புகலாம், புகுந்தால் உள்ளே அரிப்பு வரலாம், வந்தால் தீப்பிடிக்கும்போது சிஸ்டம் தானாகவும் வேலை செய்யாது, டிரைவர் பட்டனை அமுக்கினாலும் வேலை செய்யாது. கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் போகலாம் என்று இருந்தது.

அது எப்படி என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒயர் கெட்டால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அதற்குத்தானே டிரைவர் பக்கத்தில் சிஸ்டத்தைக் கண்காணிக்கும் அந்தப் பெட்டி. நான்கு வண்டிகளிலும் போய்ச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். நான்கிலும் பச்சை.

இந்த சிஸ்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எஞ்சின் அறையின் கூரையோரமாக வெப்பம் உணரும் ஒயர் ஒன்று ஓடும். உள்ளே இரண்டு கம்பிகள், நடுவே சூட்டில் உருகும் உறை. குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால் உறை இளகி இரண்டு கம்பியும் ஒட்டிக்கொள்ளும். டிரைவர் பக்கத்துப் பெட்டிக்கு அதுதான் தீ என்ற சேதி. பெட்டி உடனே மணியடித்து, சிலிண்டர் தலையில் இருக்கும் ஆக்சுவேட்டருக்கு மின்சாரம் அனுப்பும். அதிலிருக்கும் பிளஞ்சர் 'டக்'கென்று வெளியே வந்து வால்வைத் திறக்கும். நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கும் பவுடர், குழாய் வழியாகப் போய் நாசில்களில் பீய்ச்சும். கூடவே எஞ்சினையும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் ரேடியேட்டர் விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் அடித்த பவுடரையெல்லாம் அதுவே வெளியே தள்ளிவிடும். எங்கள் வண்டிகளில் 15 வினாடி கழித்து எஞ்சின் நிற்கும். சாலை ஓரம் ஒதுங்க டிரைவருக்குக் கிடைக்கும் நேரம் அது.

பின்னால் எஞ்சின் இருக்கும் வண்டிக்கு இது ஏன் வேண்டும் என்றால், டிரைவருக்கும் தீக்கும் நடுவே பன்னிரண்டு மீட்டர் தூரம். முன்னால் எஞ்சின் உள்ள லாரியில் புகை மூக்கில் ஏறும். கோச்சில் பின்னால் வருகிற வண்டிக்காரன் ஹாரன் அடித்துச் சொன்னால்தான் உண்டு. எரிவதற்கு வேண்டியதெல்லாம் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே இருக்கிறது. டர்போவின் மேல்பரப்பு ஏற்றத்தில் 500, 600 டிகிரிக்குப் போகும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரிகூட வேண்டாம். நடுவில் ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் ஊசித்துளை விட்டு எண்ணெயைத் தூவினால் போதும். ஐரோப்பாவில் ஐ.நா.வின் 107-ஆம் விதிப்படி இப்படிப்பட்ட வண்டிகளுக்கு எஞ்சின் அறைத் தீயணைப்பு கட்டாயமானது இதனால்தான். அதற்கான சோதனை முறையை ஸ்வீடனில் உருவாக்கினார்கள். மாதிரி எஞ்சின் அறைக்குள் நெருப்பு வைத்து, விசிறி காற்றடிக்க, அணைந்த பிறகு சூடான உலோகத்தில் மறுபடி பற்றுகிறதா என்பது வரைக்கும் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அங்கே வைப்பது புதுக் கனெக்டர். எங்கள் கனெக்டர்கள் ஐந்து வருடம் வாரம் இரண்டு முறை பிரஷர் வாஷ் தண்ணீர் குடித்தவை.

கடிதத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மாற்று கிட் இன்னும் தயாராகவில்லை, வந்ததும் மறு கடிதம் போடுகிறோம், அதுவரை கனெக்டரைப் பார்வையிட்டு, அரிப்பு தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள் என்று கேட்டிருந்தார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று அன்று மாலையே முதல் வண்டியை குழிமேல் ஏற்றினோம்.

எதைத் தொடுவதற்கு முன்னும் ஆக்சுவேட்டரை சிலிண்டரிலிருந்து கழற்றி விட வேண்டும். கனெக்டரை அல்ல, ஆக்சுவேட்டரையே. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, சோதனை முடித்து ஆக்சுவேட்டரைத் திரும்ப மாட்டினேன். வெளியே வந்திருந்த பிளஞ்சரை உள்ளே தள்ளிப் பூட்ட மறந்துவிட்டேன். மரையில் மூன்று சுற்று ஏறியதும் பிளஞ்சர் வால்வைத் தொட்டது. அப்புறம் எதுவும் தெரியவில்லை, மஞ்சள்தான். பட்டறை முழுக்க மஞ்சள். பவுடரின் பெரும்பகுதி மோனோ அம்மோனியம் பாஸ்பேட். ஈரம் பட்டால் அமிலத்தன்மை வந்து அலுமினியத்தையும் செம்பையும் தின்னும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இன்னும் மோசம். முதலில் வேக்குவம் போட்டு உறிஞ்சி, காற்றடித்து, துடைத்து, அதற்கு அப்புறம்தான் கழுவ வேண்டும். மூன்று நாள் ஆனது. ஒரு வாரம் கழித்து ஒரு ஆல்டர்னேட்டரைப் பிரித்தபோதும் உள்ளிருந்து மஞ்சள் உதிர்ந்தது.

ஆகவே எங்கள் வரிசை இது: பேட்டரி மெயின் சுவிட்ச் ஆஃப். ஆக்சுவேட்டரைக் கழற்று. சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைத் திருகு. அதன் பிறகு சுவிட்சை ஆன் செய். தம்பி இதைச் சுண்ணாம்புக்கட்டியால் குழியின் சுவரில் எழுதி வைத்தான். நான் இரண்டாவது வண்டியில் அவசரத்தில் மூடியை மறந்தபோது சுவரைக் காட்டினான், பேசவில்லை.

முதல் வண்டியின் கனெக்டர் வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. பிரித்து முகப்பைப் பார்த்தேன், பின்கள் இரண்டும் பளபளப்பு. அரிப்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பழக்கத்தில் மல்டிமீட்டரை எடுத்தேன். ஆக்சுவேட்டர் சுருளின் மின்தடை மட்டும் தனியாக 16 ஓம். அது சரி. பிறகு மாட்டிவிட்டு, பெட்டி முனையிலிருந்து முழு ஒயரையும் சேர்த்து அளந்தேன். 19 காட்டியது. நீளமான ஒயர், போகட்டும் என்று நினைத்த நேரத்தில் தம்பி கனெக்டரின் வாலைத் தள்ளிவிட்டு டார்ச்சைப் பிடித்தான். 60. கை எடுத்ததும் 23. மறுபடி தொட்டால் 48.

வாலில்தான் விஷயம். கனெக்டரின் பின்புறம், ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். அந்த சீலின் துளைக்கும் ஒயரின் தடிமனுக்கும் பொருத்தமில்லை. ஒயர் மெல்லியது, துளை பெரியது. கையில் பிடித்து ஆட்டினால் ஒயர் துளைக்குள் விளையாடுகிறது. போதாக்குறைக்கு ஒயர் மேலிருந்து நேராகக் கீழே இறங்கி கனெக்டருக்குள் போகிறது. எஞ்சின் அறையைக் கழுவும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஒயர்மேல் வழிந்து, அந்த இடைவெளி வழியாக, ஒயரைப் பின்னோடு நசுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில், அதாவது கிரிம்ப் செய்த இடத்தில், நேராகப் போய் உட்காரும். முகப்பு பளபளப்பாக இருந்ததற்குக் காரணம், தண்ணீர் அங்கு வரை போகவே இல்லை.

கனெக்டரின் பின் மூடியை நெம்பிப் பார்த்தோம். பச்சைக் களிம்பு. செம்பு இழைகள் ஏறக்குறைய எல்லாமே அறுந்துபோய், களிம்புத் தூள்தான் ஒயருக்கும் பின்னுக்கும் நடுவே பாலமாக நின்றது. ஒரு பக்கம் டேஷ்போர்டில் பச்சை, இன்னொரு பக்கம் இங்கே பச்சை என்று தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் சிவப்பு எரியவில்லை என்பது அப்போதுதான் பிடிபட்டது.

கணக்கு எளிது. பெட்டி எப்போதும் ஒயரைக் கண்காணித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் மிகச் சிறிய மின்னோட்டத்தில். எங்கள் சிஸ்டத்தில் நான் அளந்தபோது 5 மில்லி ஆம்பியர். அவ்வளவு சிறியதாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் கண்காணிப்பே சிலிண்டரைத் திறந்துவிடும். களிம்பில் 40 ஓம் கூடுதல் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லி ஆம்பியருக்கு அது 0.2 வோல்ட் இழப்பு. 24 வோல்ட் சிஸ்டத்தில் அதை யார் கவனிப்பது? பெட்டிக்கு ஒயர் முழுசாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் கதை வேறு. 16 ஓம் சுருளுக்கு 24 வோல்ட் கிடைத்தால் ஒன்றரை ஆம்பியர் பாயும், பிளஞ்சர் குதிக்கும். நடுவே 40 ஓம் உட்கார்ந்தால் மொத்தம் 56. பாய்வது 0.43 ஆம்பியர். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிளஞ்சர் அசையாது. டிரைவர் பட்டனை அமுக்கினாலும் போவது இதே ஒயர்தான். பட்டன் என்பது தனி வழி என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். முழு வரைபடத்தை விரித்துப் பார்த்த பிறகுதான், அது பெட்டிக்கு உள்ளே போய் அதே கனெக்டர் வழியாகத்தான் வெளியே வருகிறது என்று தெரிந்தது.

கணக்கை நம்பினாலும் கண்ணால் பார்க்க ஆசை. இண்டிகேட்டருக்குப் போடும் 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, ஆக்சுவேட்டர் இருந்த இடத்தில் மாட்டினோம். நல்ல ஒயராக இருந்தால் ஏறக்குறைய 0.9 ஆம்பியர் இழுத்துக் கண்ணைக் கூசும்படி எரிய வேண்டும். நான் பல்போடு குழியில், தம்பி டிரைவர் சீட்டில். "அமுக்கு" என்றேன். மணி அடித்தது. பல்பின் இழை மட்டும் அடுப்பில் அணையப்போகும் கரி மாதிரி மங்கலாகச் சிவந்தது, அவ்வளவுதான். கனெக்டரின் வாலைத் தொட்டேன், சுட்டது. தீயை அணைக்க வேண்டிய மின்சாரம் களிம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

நான்கு வண்டியிலும் இதைச் செய்தோம். இரண்டில் பல்பு பளிச். ஒன்றில் மங்கல், அதாவது முதல் வண்டி. ஒன்றில் ஒயரை ஆட்டினால் பளிச்சென்று எரியும், விட்டால் மங்கும். அந்தக் கடைசி வகைதான் எனக்குப் பிடிக்காதது. முழுக்கக் கெட்டது மாட்டிக்கொள்ளும். இது சோதிக்கிற அன்று நல்ல பிள்ளையாக நடித்துவிட்டுப் போகும். இரண்டு வண்டிகளையும் நிறுத்தினோம்.

நிர்வாகத்திடம் சொல்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. "பச்சை எரியுதுன்னு நீயே சொல்ற, அப்புறம் என்னப்பா" என்றார் மேலாளர். நான் பேசவில்லை, அவரையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்துப் பட்டனை அமுக்கச் சொல்லி, தம்பியைப் பல்பை வெளியே நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். முதலில் நல்ல வண்டி, பிறகு கெட்ட வண்டி. இறங்கி வந்தவர் வாடகைக்கு இரண்டு வண்டி ஏற்பாடு செய்யப் போனார்.

ஓடிக்கொண்டிருந்த மற்ற வண்டிகளில் கைத் தீயணைப்பான் இரண்டு கூடுதலாக வைத்தோம். அவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். 2017-இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் கைப்பிடி அல்லது புஷ் பட்டன் கொண்ட கைத் தீயணைப்பான்கள் சுமார் 3 கோடியே 78 லட்சம் திரும்பப் பெறப்பட்டது ஞாபகம் இருந்தது. அடைத்துக்கொள்ளும், அல்லது அளவுக்கு மீறி அழுத்தினால்தான் பீய்ச்சும், சிலவற்றில் நாசிலே கழன்று பறக்கும். அவற்றில் 1973-இல் செய்ததிலிருந்து இருந்தன. 2014-இல் ஒரு கார் விபத்தில் தீயை அணைக்க வந்தவர்களின் கையில் அப்படி ஒன்று வேலை செய்யாமல் போனது, ஒருவர் இறந்தார். எங்களுடையவை உலோகத் தலை. முள் பச்சைக் கட்டத்தில் நின்றது. இன்னொரு பச்சை என்று மனதில் ஓடியது, ஆனாலும் அந்த முள் நேராக அழுத்தத்தைக் காட்டுவது, அதை நம்பலாம். பவுடர் கட்டிதட்டியிருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லாது. தலைகீழாகக் கவிழ்த்து, பவுடர் சரிவது கைக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வைத்தோம். பெரிய சிலிண்டர்களுக்கும் அதே வைத்தியம். வண்டி அதிர்வில் பவுடர் அடியில் இறுகும், கழற்றிக் கவிழ்த்து ரப்பர் சுத்தியலால் தட்டினால் இளகும்.

காத்திருந்த நாட்களில் சக்கரங்களையும் பார்த்தோம். இது ரீகாலில் இல்லை. ஆனால் எஞ்சின் அறைத் தீயணைப்பு சக்கரத்துப் பக்கம் எட்டிப் பார்க்காது என்பதை டிரைவர்கள் பல பேர் அறிவதில்லை. 2005 செப்டம்பர் 23 அன்று, ரீட்டா சூறாவளிக்குப் பயந்து டெக்சாஸில் ஊரைக் காலி செய்தபோது, முதியோர் இல்லத்தவரை ஏற்றிப்போன ஒரு மோட்டார் கோச் வில்மர் என்ற ஊருக்கு அருகே நெடுஞ்சாலையில் எரிந்தது. 23 பேர் இறந்தார்கள். எஞ்சினில் ஒன்றுமில்லை. வலது பின்பக்கத் துணை அச்சின் சக்கர பேரிங்கில் போதிய எண்ணெய் இல்லாமல் சூடேறி, டயர் பற்றிக்கொண்டது என்று அந்த நாட்டு போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. நடக்க முடியாதவர்கள், ஒரே வாசல், உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர்கள். அதைப் படித்ததிலிருந்து வண்டி திரும்பி வந்ததும் எல்லாச் சக்கரங்களின் நடுப்பகுதியையும் (ஹப்) அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பார்ப்பது என் வழக்கம். ஆறு சக்கரமும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் போதும். ஒன்று மட்டும் 30 டிகிரி தள்ளி நின்றால் அதைப் பிரிப்பேன். இந்த முறை ஒன்றும் தள்ளி நிற்கவில்லை.

ஏழாவது வாரம் கிட் வந்தது. திறந்தால் ஒரு முழ நீள ஒயர் துண்டு, முனையில் புதுக் கனெக்டர், இம்முறை சீல் ஒயரை இறுகப் பிடித்திருந்தது. கூடவே சூடாக்கினால் சுருங்கி ஒயரைப் பிடித்துக்கொள்ளும், பசை தடவிய ஷ்ரிங்க் ஸ்லீவ்கள், வளைந்த ஒரு தகடு, ஒட்டுவதற்கு ஸ்டிக்கர். தகடு எதற்கென்று முதலில் புரியவில்லை. கனெக்டரைப் பக்கவாட்டில் பிடிக்க. ஒயர் கனெக்டரைவிடத் தாழ இறங்கி ஒரு வளைவு போட்டு மேலேறி உள்ளே போகும். வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும் ஒயருக்குச் செய்வதுதான். இதை முதல் நாளே செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

வெட்டி இணைப்பதில் பழைய ஒயரை எவ்வளவு தள்ளி வெட்டுவது என்பது முக்கியம். கனெக்டர் ஓரமாக வெட்டினால் போதும் என்று கிட் தாளில் இருந்தது. நான் வெட்டி உறையைச் சீவிப் பார்த்தேன், இழைகள் கறுப்பு. களிம்பு இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி உள்ளே ஏறியிருந்தது. கையளவு பின்னால் போய் வெட்டிய பிறகுதான் செம்பு நிறம் வந்தது. கறுத்த இழையில் கிரிம்ப் போட்டால் இரண்டு வருடத்தில் இன்னொரு ரீகாலை நானே அனுப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு நீளம். ஒன்றில் ஒரு முழம் போக வேண்டி வந்தது, கிட் ஒயர் எட்டவில்லை, அதே தடிமனில் டின் பூசிய ஒயர் சேர்த்தேன். அதைப் பணித்தாளில் எழுதி, படமும் எடுத்து வைத்தேன்.

கிரிம்ப் அடித்ததும் இழுத்துப் பார்க்க வேண்டும், கூச்சப்படாமல். ஸ்லீவைச் சூடாக்கும்போது இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் அது ஒட்டவில்லை. ஹீட் கன்னை எஞ்சின் அறைக்குள் கொண்டுபோகும்போது வெப்பம் உணரும் ஒயர் பக்கம் காட்டிவிடாதீர்கள். அது ஒருமுறை உருகினால் உருகியதுதான், முழுசாக மாற்ற வேண்டும். ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டோம்.

முதல் இரண்டு வண்டியும் சுலபமாக முடிந்தன. பல்பு பளிச், பளிச். மூன்றாவதிலும் பல்பு பளிச். அதோடு விட்டிருப்பேன். ஆனால் கிட் தாளின் கடைசி வரியில், ஆக்சுவேட்டரைச் சிலிண்டரில் மாட்டாமல் கையில் வைத்து இணைத்து, பட்டனை அமுக்கி, பிளஞ்சர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தது. பல்பே எரிகிறது, இது என்ன வீண் வேலை என்று முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தேன். முதல் இரண்டில் 'டக்'. மூன்றாவதில் ஒன்றுமில்லை. பெட்டியில் ஃபியூஸ் போயிருந்தது.

அரை நாள் தேடினேன். ஆக்சுவேட்டர் சுருள் அதே 16 ஓம். ஒயர் சுத்தம். கடைசியில் நேர்மின், எதிர்மின் முனைகளைச் சரிபார்த்தபோதுதான் உறைத்தது. சுருளுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் ஒரு டையோடு இருக்கிறது, சுருள் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தைத் தின்பதற்கு. ஒரு திசையில் அது இல்லாதது போலவே இருக்கும். நேர்மின், எதிர்மின் மாறினால் அதுவே நேர்வழியாகி, மின்சாரம் முழுக்க டையோடு வழியாகப் பாய்ந்துவிடும், சுருளுக்கு ஒன்றும் வராது. கிட்டில் வந்த இரண்டு ஒயரும் கறுப்பு. மேலே 1, 2 என்று பொடி எழுத்து. மூன்றாவது வண்டியில் நான் மாற்றி இணைத்திருக்கிறேன். பல்புக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். களிம்பைக் காட்டிக்கொடுத்த அதே பல்பு இதை மறைத்துவிட்டது. நான்தான் அதன்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்திருந்தேன்.

வெட்டி, மாற்றி, மறுபடி ஸ்லீவ் போட்டு, ஃபியூஸ் மாற்றி, அமுக்கச் சொன்னேன். 'டக்'. அப்படியே இன்னும் இரண்டு முறை. நான்காவது வண்டிக்கு வரும்போது தம்பி இரண்டு ஒயரில் ஒன்றுக்குச் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தான்.

பிளஞ்சரை உள்ளே தள்ளிப் பூட்டுவதை நான்கு முறையும் நானே செய்தேன், தம்பி தனியாக ஒருமுறை சரிபார்த்தான், அதன் பிறகுதான் சிலிண்டரில் மாட்டினோம். பழைய மஞ்சள் இன்னும் மறக்கவில்லை. எஞ்சின் 15 வினாடியில் நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டோம். எல்லாம் 14, 15. நாசில் மூடிகள் மூன்று காணாமல் போயிருந்தன, உள்ளே சேறு. குத்தி எடுத்துப் புது மூடி போட்டோம். ஸ்டிக்கர் ஒட்டி, சேஸிஸ் எண்ணோடு பணித்தாளை அனுப்பினோம். நான்கும் ஓடத் தொடங்கின.

டிரைவர்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். மணி அடித்தால் முதலில் ஒதுங்கு, நிறுத்து, கதவைத் திற, ஆட்களை இறக்கு. பட்டனை அமுக்கு, ஆனால் அது வேலை செய்ததா என்று பார்க்க எஞ்சின் மூடியைத் திறக்காதே. மூடி திறந்தால் காற்று உள்ளே போய் அணைந்த தீயும் மறுபடி பற்றிக்கொள்ளும். ஒருவர் கேட்டார், அப்போ தினமும் அந்தப் பச்சையைப் பார்க்க வேண்டியதில்லையா என்று. பாருங்கள், அது எரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், எரிந்தால் கூப்பிட வேண்டாம், சோதனை நாள் அன்று வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

மிச்சம் இரண்டு வண்டி. பட்டியலில் இல்லாதவை. கனெக்டரும் வேறு மாதிரி, வேறு தயாரிப்பு என்றுதான் நினைத்திருந்தோம். கடமைக்குப் பல்பு மாட்டிப் பார்த்தோம். ஐந்தாவது பளிச். ஆறாவது மங்கல்.

குனிந்து பார்த்தால் அதில் இருப்பது ரீகாலில் வந்த நான்கு வண்டிகளில் இருந்த அதே கனெக்டர். பழைய பதிவேட்டைப் புரட்டியபோது கிடைத்தது. போன வருடம் அதன் சிலிண்டர் அழுத்தம் இழந்ததால், ஆக்சுவேட்டர், ஒயர் வால் எல்லாம் சேர்த்துப் புதுசாக வாங்கிப் போட்டிருக்கிறோம். வண்டியின் சேஸிஸ் எண் பட்டியலில் இல்லை, ஆனால் அதில் உட்கார்ந்திருக்கும் பாகம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே வருடத்தில் களிம்பு. ஆக்சுவேட்டர் தலையில் அடித்திருந்த வரிசை எண்ணைத் துடைத்துப் படமெடுத்து, பல்பு மங்கலாக எரியும் படத்தோடு தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். தனியாக விற்ற பாகங்களின் வரிசை எண்களையும் சரிபார்க்கிறோம், கிட் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. நாள் சொல்லவில்லை.

ஆறாவது வண்டியின் சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் டிரைவர் தினமும் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.